மருந்தடிக்கும் முன் ஒரு பையைப் பிரித்துப் பாருங்கள்

குளியலறைச் சுவரிலோ அலமாரியின் பின்புறத்திலோ அதைப் பார்த்திருப்பீர்கள். பூசணி விதையைப் போல் தட்டையாக, சாம்பல் நிறத்தில், ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் நீளத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும். காய்ந்த சுண்ணாம்புத் துகள் என்று நினைத்து விட்டுவிடுவோம். மறுநாள் பார்த்தால் அது ஓரடி தள்ளி இருக்கும்.

அது ஒரு புழு. தன் வாயிலிருந்து சுரக்கும் பட்டு இழையோடு தூசி, மணல், சாயத் துணுக்கு என்று கிடைத்ததை எல்லாம் சேர்த்துப் பின்னிய ஒரு பைக்குள் அது வாழ்கிறது. பைக்கு இரண்டு பக்கமும் வாசல். தலையையும் முன்னங்கால்களையும் மட்டும் வெளியே நீட்டிப் பையை இழுத்துக்கொண்டு நகரும். தொட்டால் உள்ளே ஒடுங்கிவிடும். சற்று நேரம் கழித்து மறுபக்க வாசல் வழியே எட்டிப் பார்க்கும். பழைய சிலந்தி வலை, செத்த பூச்சி, உதிர்ந்த முடி, கம்பளி இழை ஆகியவையே அதன் உணவு. மனிதரைக் கடிப்பதில்லை, நோய் பரப்புவதும் இல்லை.

இதைக் கண்டதும் பலர் கொசுமருந்து டப்பாவை எடுத்துப் பீய்ச்சுகிறார்கள். பைக்குள் ஒடுங்கிக் கிடக்கும் புழுவுக்கு மருந்து அவ்வளவாகப் போய்ச் சேர்வதில்லை. மூலையில் இருந்த சிலந்திதான் சாகிறது. அதன் பழைய வலை அங்கேயே கிடந்தால் புழுவுக்கு இன்னும் விருந்து. ஒட்டடைக் கம்பும் துடைப்பமும் போதும்: வலையைத் துடைத்து, பைகளைப் பொறுக்கி எறிந்து, காற்றோட்டம் வைத்தால் அதன் கதை முடிந்தது.

சுவரில் ஊரும் இந்தச் சிறு பூச்சியிடமிருந்து தொடங்கக் காரணம் உண்டு. இதே போலப் பை கட்டி வாழும் வேறொரு குடும்பத்துப் புழுவிடம் நம் தோட்டங்கள் ஒரு காலத்தில் இதே தவற்றைப் பெரிய அளவில் செய்தன. செம்பனைத் தோட்டங்களில் மலாய்க்காரர்கள் அதை ‘உலாட் புங்குஸ்’ என்பார்கள். நாம் பைப்புழு என்று சொல்லலாம். தீபகற்பத்தில் இதன் தொல்லை அடிக்கடி தலைதூக்கும் மாநிலங்களில் பேராக்கும் ஜொகூரும் முதன்மையானவை. குளுவாங்கிலோ பத்து பகாட்டிலோ இரண்டு மூன்று ஏக்கர் செம்பனை வைத்திருக்கும் குடும்பங்களுக்கு இது ஏட்டுப் பாடம் அல்ல, மாத வருமானம்.

மலேசியாவின் செம்பனையில் முக்கியமாக மூன்று வகைப் பைப்புழுக்கள் உண்டு. மெத்திசா பிளானா என்பது அவற்றில் அதிகத் தொல்லை தருவது. முழுதாக வளர்ந்தபின் அதன் பை ஒரு சென்டிமீட்டருக்குச் சற்றுக் கூடுதலாக இருக்கும். தெரோமா பெண்டுலா அதைவிடச் சிறியது. கூட்டுப்புழு ஆனதும் நீண்ட பட்டு நூலில் ஊசல்போல் தொங்குவதை வைத்து அடையாளம் காணலாம். மூன்றாவது மஹாசேனா கார்பெட்டி. பெரிய இலைத் துண்டுகளை ஒழுங்கில்லாமல் ஒட்டிவைத்த பெரிய பை. தென்னையிலும் வேறு பல மரங்களிலும்கூடக் காணலாம்.

மெத்திசாவின் வாழ்க்கை விசித்திரமானது. ஆண் மட்டுமே இறக்கை முளைத்து அந்துப்பூச்சியாகப் பறக்கும். பெண்ணுக்கு இறக்கை கிடையாது. பிறந்தது முதல் சாகும்வரை பைக்குள்தான். ஆண் தேடி வந்து கூடிய பின், அந்தப் பைக்குள்ளேயே நூற்றுக்கும் மேற்பட்ட முட்டைகளை இட்டுவிட்டு அது இறந்துபோகும். தாயின் பை பிள்ளைகளின் தொட்டிலாகிறது. பொரித்து வரும் பொடிக் குஞ்சுகள் மெல்லிய பட்டு இழையை வெளியே விடும்; காற்று அதைத் தூக்கிக்கொண்டு போய் அடுத்த மட்டையில், அடுத்த மரத்தில், சில சமயம் அடுத்தவர் தோட்டத்தில் இறக்கிவிடும். இறங்கியவுடன் முதல் வேலை பை கட்டுவது. அதற்குப் பிறகுதான் சாப்பாடு. முட்டையிலிருந்து அடுத்த தலைமுறை முட்டை வரை ஏறக்குறைய மூன்று மாதம் ஆகும்.

குஞ்சுகள் கீற்றின் மேற்பரப்பைச் சுரண்டித் தின்னும். சுரண்டிய இடம் காய்ந்து ஓட்டையாகும். வளர்ந்து முடித்ததும் கீற்றின் அடிப்பக்கம் போய்த் தொங்கும். கடுமையாகத் தாக்கப்பட்ட தோட்டத்தைத் தூரத்திலிருந்து பார்த்தால் யாரோ தீ வைத்தாற்போல் மட்டைகள் பழுப்பேறி நிற்கும். மரம் சாவது அரிது. ஆனால் இலை இல்லாத மரம் குலைக்கு எங்கிருந்து சத்து கொடுக்கும்? கடுமையான இலைச் சேதம் அடுத்த இரண்டு ஆண்டுகளில் விளைச்சலைச் சுமார் 40 விழுக்காடு வரை குறைத்துவிடும் என்று சோதனைகள் காட்டியுள்ளன. செம்பனையின் பூங்கொத்து மட்டையடியில் உருவாகிக் குலையாவதற்கு நீண்ட காலம் பிடிப்பதால் இந்த இழப்பு உடனே தெரியாது. புழு போன பிறகு, ‘எல்லாம் சரியாகிவிட்டது’ என்று நினைக்கும்போதுதான் தராசு குறைத்துக் காட்டும்.

இனி அந்தத் தவறு. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு டி.டி.டி., டையெல்ட்ரின், எண்ட்ரின் போன்ற மருந்துகள் வந்தன. பட்ட இடத்தில் பல நாள் நின்று, மேலே ஊரும் எந்தப் பூச்சியையும் கொல்லக்கூடியவை. 1950களின் பிற்பாதியில் மலாயாவின் செம்பனைத் தோட்டங்கள் இவற்றைத் தாராளமாக அடித்தன. சில சமயம் காரணம் பைப்புழுவே அல்ல, வேறு ஏதாவது சில்லறைப் பூச்சி. அதன் பிறகுதான் பைப்புழு அலையலையாகக் கிளம்பியது. அடித்தார்கள், சில மாதம் அடங்கியது, திரும்பி முன்னிலும் அதிகமாக வந்தது. மறுபடி அடித்தார்கள்.

அந்தக் காலத்தில் இங்கே செம்பனைப் பூச்சிகளை ஆராய்ந்தவர் பி.ஜே. வுட் என்ற பூச்சியியலாளர். மருந்துதான் பைப்புழுவைப் பெருக்குகிறது என்று அவர் சொன்னபோது தோட்டத் துரைமார்களுக்கு அது விந்தையாகத்தான் பட்டிருக்கும். 1960களின் தொடக்கத்தில் அந்த மருந்துகளை நிறுத்திய தோட்டங்களில் பைப்புழு படிப்படியாக அடங்கியது. வுட் இந்த அனுபவத்தை எல்லாம் 1968இல் வெளிவந்த மலேசியச் செம்பனைப் பூச்சிகள் பற்றிய நூலில் தொகுத்தார். ஏறக்குறைய அதே ஆண்டுகளில் சபாவில், தாவாவ் பகுதியின் கொக்கோ தோட்டங்களில், கோர்டன் கான்வே என்ற இளைஞர் தனியாக இதே முடிவுக்கு வந்தார். அங்கும் பைப்புழு ஒரு பெரிய எதிரி. அங்கும் கண்டபடி அடிப்பதை நிறுத்திய பிறகே ஒன்றன்பின் ஒன்றாகப் பூச்சிகள் ஓய்ந்தன.

எப்படி நடந்தது இது? பதில் அந்தப் பையில் இருக்கிறது.

பைப்புழுவின் உடம்பில் ஒட்டுண்ணியாக வாழும் குளவிகள் பல உண்டு. குளவி என்றதும் கொட்டும் பெரிய குளவியை நினைக்க வேண்டாம். இவற்றில் பல, எறும்பைவிடச் சிறியவை, நம்மைக் கொட்டாதவை. டோலிக்கோஜெனிடியா, பிராக்கிமேரியா, கோரிஃபஸ் என்று அறிவியல் பெயர்கள். பெண் குளவி கீற்றின்மேல் நடந்து நடந்து பைகளைத் தேடும். கிடைத்ததும் தன் ஊசிபோன்ற உறுப்பைச் செலுத்தி முட்டை வைத்துவிடும். குளவியின் குஞ்சு பைப்புழுவைத் தின்று வளர்ந்து, கடைசியில் பையில் சிறு வட்டத் துளை போட்டு வெளியேறும். இவை போக, நீண்ட கூரிய வாயால் புழுவைக் குத்தி உறிஞ்சும் சைக்கானஸ் போன்ற கொலைகாரப் பூச்சிகளும் மட்டையில் வேட்டையாடுகின்றன.

இப்போது கீற்றின்மேல் மருந்து படிந்திருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். பைப்புழு சட்டை போட்டுக்கொண்டு உள்ளே இருக்கிறது. குளவியோ வெறும் உடம்போடு நாள் முழுக்க அந்த மருந்தின்மேல் நடக்கிறது. யார் முதலில் சாவார்கள்? தப்பிய சில பைப்புழுக்கள் ஒவ்வொன்றும் நூறு முட்டை வைக்கும்; காற்றே பிள்ளைகளைப் பரப்பிவிடும். குளவியோ, முதலில் புழு பெருகினால்தான் தானும் பெருக முடியும். ஆகவே அது எப்போதும் ஒரு படி பின்னால்தான் வரும். அந்த இடைவெளியில் தோட்டம் காய்ந்துவிடுகிறது. பயந்து மறுபடி மருந்தடித்தால், மெல்லத் திரும்பி வந்துகொண்டிருந்த குளவியும் போய்விடும்.

அதனால்தான் புழுவைக் கண்டதும் மருந்துக் கடைக்கு ஓடாமல், முதலில் ஒரு கத்தரிக்கோலை எடுங்கள் என்கிறேன். வெவ்வேறு மட்டைகளிலிருந்து முப்பது நாற்பது பைகளைப் பறித்து, ஒவ்வொன்றாக நீளவாக்கில் வெட்டிப் பாருங்கள். அரைமணி நேர வேலைதான்.

உள்ளே புழு நெளிந்தால் அது உயிருள்ளது என்று கணக்கு வையுங்கள். புழுவுக்குப் பதிலாக அரிசி போன்ற சிறு வெள்ளைக் கூடு இருந்தால் அது குளவியின் குஞ்சு. பையின் பக்கவாட்டில் குண்டூசியால் குத்தியது போன்ற துளை இருந்தால் குளவி வேலையை முடித்துவிட்டுப் போயிருக்கிறது. புழு விறைத்து அதன்மேல் வெண்பூஞ்சை படர்ந்திருந்தால் பூஞ்சை நோயில் செத்தது. மழைக்காலத்தில் இதைக் காணலாம். பையின் அடிவாசலில் காலித் தோல் ஒன்று நீட்டிக்கொண்டிருந்தால் ஆண் அந்து பறந்துவிட்டது. மணல்போல் பொடி முட்டைகள் நிறைந்திருந்தால் இன்னும் சில வாரங்களில் குஞ்சுகள் கிளம்பப்போகின்றன, நாள்காட்டியில் குறித்துக்கொள்ளுங்கள். வெட்டிய பைகளில் பெரும்பகுதி துளையும் வெள்ளைக் கூடுமாக இருந்தால், மரம் எவ்வளவு பழுப்பாகத் தெரிந்தாலும் மருந்து தேவையில்லை. போர் முடிந்துவிட்டது, நீங்கள் பார்ப்பது பழைய சேதம்.

உயிருள்ளவை அதிகம் என்றால் எண்ண வேண்டும். தோட்டத்தில் பரவலாகச் சில மரங்களைத் தேர்ந்தெடுத்து, மரத்துக்கு ஒரு மட்டையை இறக்கி, அதிலுள்ள உயிருள்ள புழுக்களைக் கணக்கிடுவதுதான் முறை. மெத்திசாவுக்கு மட்டைக்குச் சுமார் 10 புழு என்பது தோட்டங்களில் நெடுநாளாகக் கைக்கொள்ளப்படும் எல்லை. பெரிய உடம்பும் பெரிய பசியும் கொண்ட மஹாசேனாவுக்கு அதில் பாதி. அதற்குக் கீழே இருந்தால் கவனித்துக்கொண்டிருங்கள்; இரண்டு வாரம் கழித்து மறுபடி எண்ணுங்கள்.

எல்லையைத் தாண்டினால் இன்று முதலில் கைகொடுப்பது பி.டி. என்ற பாக்டீரியா. பி.டி. பருத்தி என்று செய்தியில் படித்திருப்பீர்களே, அதே பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ்தான். இது ஒரு புரதப் படிகத்தை உண்டாக்குகிறது. புழுவின் குடல் காரத்தன்மை உடையது. அங்கே படிகம் கரைந்து குடற்சுவரில் துளையிடும். சில மணி நேரத்தில் புழு தின்பதை நிறுத்தும், சில நாளில் சாகும். நம் வயிற்றில் இருப்பது அமிலம். அந்தப் புரதம் ஒட்டிக்கொள்ள ஏற்ற இடமும் நம் குடலில் இல்லை. இலையைத் தின்றால்தான் வேலை செய்யும் என்பதால் இலைமேல் நடக்கும் குளவிக்கும் ஆபத்தில்லை. மலேசியச் செம்பனை வாரியம் இதைச் சொந்தமாகவே தயாரித்து, பரந்த தாக்குதலுக்கு விமானம் மூலமும் தெளித்திருக்கிறது.

ஆனால் பி.டி.க்கு இரண்டு பலவீனம். வெயிலில் சீக்கிரம் கெட்டுவிடும், மழையில் கழுவப்படும். மேலும் பொடிக் குஞ்சுகளிடம் எடுபடும் அளவுக்கு முற்றிய புழுக்களிடம் எடுபடாது. கூட்டுப்புழு ஆனபின் அது தின்பதே இல்லை, ஆகவே பயனே இல்லை. பையை வெட்டிப் பார்த்து நாள் குறிக்கச் சொன்னது இதற்குத்தான். முட்டை பொரித்து இரண்டொரு வாரத்தில், மழையில்லாத மாலையில் அடித்தால் பலன். பக்கத்துத் தோட்டக்காரர் அடிக்கும் நாளில் நாமும் அடிப்போம் என்று கணக்குப் பார்க்காமல் போனால் காசு தண்ணீரில்.

உயரமான மரங்களுக்குத் தண்டில் துளையிட்டு மருந்தை ஊற்றும் முறையும் உண்டு. 1970களின் முற்பாதியில் வுட்டும் அவருடன் இருந்தவர்களும் எழுதி அறிமுகப்படுத்தியது. மருந்து சாற்றோடு ஏறி, இலையைத் தின்னும் புழுவை மட்டும் கொல்லும். குளவி தப்பிவிடும் என்பது இதன் நன்மை. ஆனால் அதற்குப் பயன்படும் மருந்துகள் கொடிய நஞ்சு. பயிற்சியும் அனுமதியும் பெற்றவர்கள் செய்ய வேண்டிய வேலை. வீட்டுக் கொல்லையில் நினைத்தும் பார்க்கக் கூடாது.

காற்றில் பறக்கும் குஞ்சுக்கு வேலி தெரியாது என்பதால் இது ஒருவர் பாடு மட்டும் அல்ல. 2013இல் அரசாங்கம், 1976ஆம் ஆண்டின் தாவரக் குவாரண்டைன் சட்டத்தின்கீழ்ப் பைப்புழுவை ஆபத்தான பூச்சியாக அறிவித்தது. தாக்குதலைக் கண்டால் தெரிவிப்பதும் கட்டுப்படுத்துவதும் நில உரிமையாளரின் கடமை. சிறுதோட்டக்காரர்கள் அபராதம் வருமோ என்று பயந்து மறைப்பதைவிட, அருகிலுள்ள வாரிய அலுவலகத்தில் சொல்லி ஆலோசனை கேட்பது நல்லது.

கண்ட மருந்தையும் அடித்தால் இன்னொன்றையும் இழப்போம். அந்தக் கதை ஜொகூருக்கே சொந்தமானது.

1980 வரை தீபகற்பத்தின் பல தோட்டங்களில் செம்பனைக்கு மனிதக் கைதான் மகரந்தம் சேர்த்தது. ஆண் பூவின் மகரந்தத்தை முகப்பவுடர் மாவோடு கலந்து, மரம் மரமாகப் போய்ப் பெண் பூவில் ஊதுவார்கள். அந்த வேலையைச் செய்த தொழிலாளர்களில் பெண்கள் பலர். வயதான தோட்டத்துப் பாட்டிமார்களைக் கேட்டால் இன்றும் சொல்வார்கள். ஆப்பிரிக்காவில் யாரும் ஊதாமலேயே காய்க்கிறதே என்று யூனிலீவரின் லெஸ்லி டேவிட்சனுக்கு ஒரு சந்தேகம். பாகிஸ்தானியப் பூச்சியியலாளர் ஆர்.ஏ. சையத் கேமரூனில் ஆராய்ந்து, ஒரு சின்னஞ்சிறு கூன்வண்டுதான் அங்கே அந்த வேலையைச் செய்கிறது என்று காட்டினார். வேறு பயிரைத் தின்னுமா என்று சோதித்த பின், 1981 பிப்ரவரியில் குளுவாங்கில் உள்ள பமோல் தோட்டத்தில் அந்த வண்டை விட்டார்கள். ஓரிரு ஆண்டுகளில் அது தீபகற்பம் முழுக்கப் பரவியது. பவுடர் ஊதும் வேலை நின்றுபோனது.

இன்றும் ஆண் பூவின் அருகே போனால் சோம்பு வாசனை வரும். வண்டை இழுப்பது அந்த வாசனைதான். அது ஆண் பூவில் தின்று, அங்கேயே முட்டையிட்டு வளர்கிறது. பெண் பூவும் அதே வாசனையை விட்டு அதை ஏமாற்றி வரவழைக்கிறது. வரும் வண்டின் உடம்பில் ஒட்டிய மகரந்தம் அங்கே உதிர்கிறது. சைபர்மெத்ரின் போன்ற மருந்தைப் பூ விரிந்த தோட்டத்தில் அள்ளி அடித்தால், புழுவோடு இந்தக் கூலியில்லாத் தொழிலாளியும் சாகும். ஐந்தாறு மாதம் கழித்துக் குலையில் பாதி பிஞ்சாக நிற்கும்போது காரணம் யாருக்கும் ஞாபகம் இருக்காது.

மருந்தை முதுகில் சுமப்பவர் யார் என்பதும் இந்தக் கணக்கில் வர வேண்டும். நம் தோட்டங்களில் நெடுங்காலம் மருந்தடிப்பு பெண்களின் வேலையாக இருந்தது. 2002இல் தெனாகானித்தா அமைப்பு வெளியிட்ட ஆய்வு, தோட்டங்களில் களைக்கொல்லியும் பூச்சிமருந்தும் அடித்த பெண்களின் உடல்நிலையை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது. ஒருமுறை அடிப்பதைத் தவிர்த்தால் மிச்சமாவது மருந்துக் காசு மட்டும் அல்ல.

எல்லாப் பூச்சியையும் இப்படிக் காத்திருந்து பார்க்க முடியாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். வீட்டில் இளந்தென்னை இருந்து, குருத்தோலை விரியும்போது விசிறிபோல் கத்தரித்தாற்போல் இருந்தால் அது காண்டாமிருக வண்டு. ஒரே வண்டு குருத்தைத் துளைத்து இளமரத்தைக் கொன்றுவிடும். இங்கே எண்ணிக்கொண்டிருக்க நேரமில்லை; கொக்கிக் கம்பியால் துளையிலிருந்து வண்டை இழுத்தெடுத்து, மட்டை இடுக்குகளில் மணலும் வேப்பங்கொட்டைத் தூளும் கலந்து இடுங்கள். அதன் புழு வளர்வது மரத்தில் அல்ல, மட்கிய செம்பனைத் தண்டிலும் எருக்குழியிலும். ஆகவே தேட வேண்டிய இடம் தரைதான். இந்த வண்டுக்கும் இயற்கையில் ஒரு எதிரி உண்டு: 1963இல் ஜெர்மானிய அறிஞர் அலோய்ஸ் ஹூகர் இந்த மண்ணில்தான் அதைத் தாக்கும் வைரஸைக் கண்டுபிடித்தார். அது பின்னர் சமோவா தீவுகளுக்குக் கொண்டுபோகப்பட்டு அங்கே தென்னைகளைக் காத்தது.

பைப்புழுவுக்கு வருவோம். குளவிகள் தங்குவதற்குச் செலவில்லாத ஒரு வழி இருக்கிறது. வளர்ந்த குளவி புழுவைத் தின்பதில்லை. பூந்தேன் குடித்துத்தான் உயிர் வாழ்கிறது. தேன் கிடைத்தால் அதிக நாள் வாழும், அதிக முட்டை வைக்கும். ஜொகூரில் தோட்டச் சாலையோரம் வெளிர் மஞ்சள் பூவும் நடுவில் கரும்புள்ளியுமாக வரிசையாக நிற்கும் செடியைக் கவனித்திருப்பீர்கள். துர்னேரா என்று பெயர். அழகுக்காக மட்டும் நட்டதல்ல. ரோஜா நிறக் கொத்துப் பூக்கள் கொண்ட ஆண்டிகோனான் கொடியும், மஞ்சள் பூக்கும் காசியா கோபனென்சிஸ் செடியும் இதற்காகவே நடப்படுகின்றன. துர்னேராவின் கிளையை ஒடித்து ஈர மண்ணில் ஊன்றினாலே பிழைத்துக்கொள்ளும். வீட்டு வேலியோரத்துக்கும் ஏற்றது. பூ காலையில் விரிந்து நண்பகலுக்குள் மூடிவிடும். குளவிகளைப் பார்க்க வேண்டுமானால் ஒன்பது, பத்து மணிக்குள் போய் நில்லுங்கள்.